தட்டிக் கேட்க ஆளில்லாத இடம்

"தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தவறு செய்பவனை எதிர்நின்று வினவுவதையே 'தட்டிக் கேட்டல்' என்று இன்று நாம் பொருள் கொள்கிறோம். ஆயினும் அச்சொற்றொடரின் நேர்ப்பொருளும் நம்மிடையே வழக்கொழிந்து போய்விடவில்லை. சந்தையில் மண்பானை வாங்கும் பெண், பானையைக் கவிழ்த்து, விரலை மடக்கித் தட்டி, எழும் ஒலியைக் காது கொடுத்துக் கேட்கிறாள். கணீரென்று ஒலித்தால் விலை பேசுகிறாள். மங்கி ஒலித்தால், எங்கோ கீறல் உண்டென்று அறிந்து திரும்ப வைத்துவிடுகிறாள். தேங்காய் வாங்குபவரும் அவ்வாறே செய்கிறார். கண்ணுக்குத் தப்பிய குறை காதுக்குத் தப்புவதில்லை.

இந்தப் பழைய கலையை நாங்கள் கற்க நேர்ந்த இடம், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு கொட்டகை. நாங்கள் தட்டிப் பார்த்த பொருள், துருவேறிய ஒரு பழைய வேன். அதைச் செப்பனிட்ட எட்டு மாதங்களில் எங்களுக்குள் எழுந்த ஒரு வழக்கையும், அது தீர்ந்த விதத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வண்டியின் வரலாறு

நம் நாட்டில் வேன் என்றால், திருமணத்திற்கும் திருத்தலப் பயணத்திற்கும் உறவினரை ஏற்றிச் செல்லும் வண்டியே நினைவுக்கு வரும். மேலைநாடுகளில் 'கேம்பர் வேன்' என்று ஒருவகை உண்டு. அது வண்டியாகவும் சிறு வீடாகவும் பயன்படுவது. பின்னிருக்கையை மடக்கினால் படுக்கையாகும். ஓர் ஓரத்தில் எரிவாயு அடுப்பும், தண்ணீர்த் தொட்டியும், பாத்திரம் வைக்கச் சிறு அலமாரியும் இருக்கும். இரவு எங்கே வருகிறதோ அங்கே நிறுத்தி உறங்கலாம்.

இவ்வகை வண்டிகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது ஃபோக்ஸ்வாகன் வேன். அதன் பிறப்பு சுவையானது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரிலிருந்த அத்தொழிற்சாலை பிரித்தானியப் படையின் பொறுப்பில் வந்தது. ஐவன் ஹர்ஸ்ட் என்னும் படை அதிகாரி, இடிபாடுகளுக்கிடையே அதை மீண்டும் இயங்கச் செய்தார். தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சுமந்து செல்ல, கார் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் தட்டையான தளம் அமைத்து ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அங்கு வந்த பென் பான் என்னும் டச்சு வணிகர் அதைக் கண்டார். 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் சில கோடுகளால் பெட்டி போன்ற ஒரு வண்டியை வரைந்தார். ஓட்டுநர் முன்னே, எஞ்சின் பின்னே, இடையில் முழுவதும் சுமைக்கான இடம். அவ்வளவுதான் அந்தப் படம். அத்தாள் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் அருங்காட்சியகத்தில் போற்றி வைக்கப்பட்டுள்ளது.

1950 மார்ச் 8 அன்று உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டே, வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் அதனுள் படுக்கையும் அலமாரியும் பொருத்தத் தலைப்பட்டது. 1967இல் இரண்டாம் வடிவம் வெளிவந்தது. ஜெர்மனியில் 1979இல் அவ்வடிவம் நிறுத்தப்பட்ட பின்னும், பிரேசில் நாட்டில் அதன் வழித்தோன்றல் 2013 வரை உருவாகி வந்தது.

1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் இத்தகைய வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே தரைமார்க்கமாக இந்தியாவுக்கு வந்தனர். 1979இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அவ்வழியை அடைத்துவிட்டன. எங்கள் குழுவின் மூத்தவர், 1972இல் நண்பர் மூவருடன் அவ்வாறு டெல்லி வரை வந்து திரும்பியவர். எழுபது வயதைத் தொட்டுவிட்ட அவருக்கு, மீண்டும் ஒருமுறை அத்தகைய வண்டியில் நெடும்பயணம் செல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அவ்வாசையே எங்கள் முயற்சிக்கு வித்தாயிற்று.

அறுவரும் ஒரு வண்டியும்

எங்கள் குழுவில் அறுவர். நால்வர் அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்கள். இருவர் தமிழகத்திலிருந்து சென்று பல்லாண்டுகளாக அங்கே வாழ்பவர்கள். அவ்விருவருள் ஒருவர், இளமையில் திருச்சியில் ஒரு டிங்கர் பட்டறையில் தொழில் கற்றவர். வயதில் இளையோர் யாரையும் அவர் 'தம்பி' என்றே அழைப்பார். ஆங்கிலேயராகிய எங்கள் குழுவின் இளைஞரையும் அவ்வாறே அழைத்தார். அவரும் சில வாரங்களில், 'தம்பி' என்ற குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். நாங்கள் அனைவரும் அந்தத் தொழில் தெரிந்தவரை 'அண்ணன்' என்றே அழைத்தோம்.

2018 அக்டோபரில், சிற்றூர் ஒன்றின் வைக்கோற்கொட்டகையில் கிடந்த வேன் ஒன்றை வாங்கினோம். 1973இல் உருவானது. 1600 சி.சி. எஞ்சின், 50 குதிரைத்திறன். ரேடியேட்டர் கிடையாது, காற்றாலேயே குளிர்வது. எஞ்சின் ஓடவில்லை. ஆனால் வண்டியின் மேனி மட்டும் பளபளத்தது. எவரோ அதற்குச் சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். சக்கரங்களுக்கு மேலே இரண்டு மூன்று இடங்களில் பெயின்ட் கொப்பளித்திருந்தது, அவ்வளவே.

2019 மே மாத இறுதியில், பழைய வேன்களை வைத்திருக்கும் சிலர் ஒன்றுகூடி ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவர ஏற்பாடு செய்திருந்தனர். 'ரேலி' என்றே அதைச் சொன்னார்கள். அதில் வெற்றி தோல்வி இல்லை. பதினான்கு வண்டிகள் கூடிச் சென்று கூடித் திரும்பும் பயணம் அது. இன்வர்னஸ் நகரில் புறப்பட்டு அங்கேயே முடியும் அவ்வழியின் நீளம் 516 மைல். அதாவது 830 கி.மீ. 2015 முதல் அது 'நார்த் கோஸ்ட் 500' என்னும் பெயரால் அறியப்படுகிறது. எங்களுக்கு எட்டு மாத கால அவகாசம் இருந்தது. எஞ்சினுக்கு மூன்று மாதம், உடலுக்கு மூன்று மாதம், வண்ணத்திற்கு இரண்டு மாதம் என்று கணக்கிட்டோம்.

துருவின் இயல்பு

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடும்போது துரு பிறக்கிறது. துருவாக மாறிய இரும்பு, முன்பு தான் இருந்த இடத்தைவிடப் பன்மடங்கு மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே அது மேலுள்ள பெயின்ட்டைத் தள்ளிக் கொப்பளிக்கச் செய்கிறது. இரு தகடுகள் சேரும் இடுக்கில் புகுந்துவிட்டால் அவற்றை நெம்பிப் பிரிக்கிறது. வெளியே நாம் காண்பது சிறு கொப்புளம். உள்ளே அது உள்ளங்கையளவு பரவியிருக்கும்.

குளிர்நாட்டில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு. பனி உறையாதிருக்கச் சாலைகளில் பாறை உப்பைத் தூவுகிறார்கள். செஷயர் மாவட்டத்து வின்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில், 1844இல் தொடங்கிய உப்புச் சுரங்கம் இன்றும் அதற்காக உப்பை வெட்டித் தருகிறது. சாலையில் வழுக்கி விழாமல் உயிர்காக்கும் அதே உப்பு, கரைந்து வண்டியின் அடியில் தெறித்து, துருவின் வேலையை விரைவுபடுத்துகிறது. நம் கடற்கரை ஊர்களில் சைக்கிள் வைத்திருப்போர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வகை வேனில், கதவுகளுக்குக் கீழே வண்டியின் நீளத்திற்கு ஓடும் பெட்டி போன்ற தகட்டுச் சட்டம் ஒன்று உண்டு. 'சில்' என்று அதைக் கூறுவர். வெளியே ஒன்று, நடுவே ஒன்று, உள்ளே ஒன்று என மூன்று அடுக்குத் தகடுகளால் ஆனது. கண்ணாடி ரப்பர் வழியாகக் கசியும் மழைநீர் இறங்கி வந்து தங்குவதும் அங்கேதான். வண்டியின் நடுச்சட்டத்திலிருந்து இருபுறமும் கைகளைப் போல் நீண்டு, தரையையும் சில்லையும் தாங்கும் குறுக்குத் தாங்கிகளும் உள்ளன. இவை உறுதியாக இருக்கும் வரை வண்டி வண்டியாக இருக்கும். இவை போய்விட்டால், மேலே எவ்வளவு அழகிருந்தும் அது தகரப் பெட்டியே.

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை, அண்ணன் வண்டியின் அடியில் படுத்தார். ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கைப்பிடியால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். "டங், டங்" என்ற ஒலி சில இடங்களில் எழுந்தது. பல இடங்களில் ஈர மண்ணில் தட்டியதைப் போலத் "தொப், தொப்" என்றது. அத்தகைய ஓரிடத்தில் ஸ்குரூ டிரைவரைத் திருப்பி, கூர்முனையை மெல்ல அழுத்தினார். கனமாகப் பூசப்பட்டிருந்த கறுப்புப் பூச்சு விரிசல் விட்டது. முனை உள்ளே இறங்கிற்று. வெளியே இழுத்தபோது, பழுப்பு நிறத் தூளோடு கசங்கிய செய்தித்தாளின் துண்டும் வந்தது.

முன்பு அதை வைத்திருந்தவர், ஓட்டைக்குள் தாளைத் திணித்து, மேலே பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்திருந்தார். அவரைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. அவருக்கு என்ன நெருக்கடி இருந்ததோ! "தம்பி, பட்டி பார்த்து மூடினால் கண்ணை ஏமாற்றலாம். தகரம் பேசிவிடுமே!" என்றார் அண்ணன்.

வழக்கு

அன்று மாலை தேநீர்க் கோப்பைகளோடு அமர்ந்து கணக்குப் பார்த்தோம். இருபுறச் சில்களையும் குறுக்குத் தாங்கிகளையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்த வேண்டும். தரையின் ஒரு பகுதியும் போய்விட்டது. மே மாதத்திற்குள் முடிப்பது கடினம் என்று அண்ணன் கூறினார்.

அப்போது எங்கள் இளைஞர் ஒரு யோசனை சொன்னார். பிரிட்டனில் வண்டிகளை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று பெறும் முறை 1960இல் வந்தது. நம் நாட்டில் வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. எடுப்பதைப் போன்றது அது. ஆனால் 2018 மே 20 முதல், நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத கார்களுக்கும் வேன்களுக்கும் அச்சோதனை கட்டாயமில்லை என்றாகிவிட்டது. எங்கள் வண்டிக்கோ நாற்பத்தைந்து வயது. "இதைச் சோதிக்க எவரும் வரப்போவதில்லை. இருக்கும் தகட்டின் மேலேயே புதிய தகடு ஒன்றை ஒட்டிக் கறுப்புப் பூச்சு அடித்துவிடுவோம். மே மாதம் போய்வருவோம். அடுத்த குளிர்காலத்தில் எல்லாவற்றையும் பிரித்து முறையாகச் செய்யலாம்" என்றார்.

சோம்பலாலோ பண ஆசையாலோ அவர் இதைச் சொல்லவில்லை என்பதை நாங்கள் அனைவரும் அறிவோம். எங்கள் மூத்தவருக்கு இதயம் தளர்ந்து வந்தது. மருத்துவர்கள் நாள் குறித்து எதுவும் கூறவில்லை. ஆயினும் சில மாதங்களாகவே 'அடுத்த ஆண்டு' என்ற சொல் அவர் பேச்சிலிருந்து மறைந்துவிட்டிருந்தது. மே மாதத்தைத் தவறவிட்டால், அவர் ஆசை நிறைவேறாமலே போய்விடக்கூடும். இளைஞர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் யோசனையின் வேர் அதுவே.

வாசகர்களே, தீய எண்ணத்தோடு ஒருவர் குறையை மூடச் சொன்னால் மறுப்பது எளிது. அன்பினால் ஒருவர் மூடச் சொல்லும்போது மறுப்பது அத்துணை எளிதன்று. வீட்டிலும் பொதுவாழ்விலும் நாம் மூடி வைக்கும் பலவும், யாரோ ஒருவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக மூடப்பட்டவையே. ஆகவே அன்று எங்களுள் எவரும் வாய் திறக்கவில்லை.

சிறிது நேரத்திற்குப் பின் அண்ணன் பேசினார். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து உயிரிழந்ததை அவர் எடுத்துரைத்தார். தமிழகமே கண்ணீர் விட்ட நிகழ்ச்சி அது. அதன்பின் அதே ஆண்டில், பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. "விதி பிறகு வந்தது, தம்பி. தரை முன்பே போயிருந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார்.

மூத்தவர் எழுந்தார். வண்டிக்குள் ஏறி, நடு இருக்கையின் அருகே குனிந்து நின்றார். தம் ஒன்பது வயதுப் பேத்தியையும் பயணத்திற்கு அழைத்துச் செல்வதாக அவர் வாக்களித்திருந்தார். "அவள் இங்கேதானே உட்காருவாள்? இடுப்புப் பட்டி எந்த இடத்தில் மாட்டப்படும்?" என்று கேட்டார். அண்ணன் அந்த போல்ட் இறங்கும் இடத்தைக் காட்டினார். மூத்தவர் தாமே ஸ்குரூ டிரைவரை வாங்கித் தட்டினார். ஒலி மங்கியிருந்தது. அழுத்தினார். முனை இறங்கிற்று.

அவர் பின்னர் செய்ததை நாங்கள் மறக்க இயலாது. அண்ணன் வெட்டுவதற்காகச் சுண்ணக்கட்டியால் முன்பே ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். மூத்தவர் சுண்ணக்கட்டியை எடுத்து, அக்கோட்டிற்கு இரண்டு அங்குலம் அப்பால், தட்டினால் கணீரென்று ஒலித்த தகட்டின் மேல், புதியதொரு கோட்டை வரைந்தார். "நல்ல தகடு வரும் வரை வெட்டுங்கள்" என்றார். வழக்கு அதோடு தீர்ந்தது.

வேலை

துருவின் மேல் பற்றவைப்பு நிற்காது என்பது இத்தொழிலின் முதற்பாடம். வெல்டிங் செய்யும்போது துருவேறிய தகடு உருகிச் சேர்வதில்லை. வெடித்துப் பொரிந்து பெரிய ஓட்டையாகிவிடும். ஆகவே பழுதற்ற இரும்பு கிடைக்கும் வரை வெட்டியே ஆக வேண்டும். வெட்டுவதற்கும் முறை உண்டு. சில்லை அப்படியே அறுத்து எடுத்துவிட்டால், வண்டியின் முதுகு தொய்ந்து, பின் கதவுகள் ஒருபோதும் சரியாக மூடா. எனவே, கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டங்களை முட்டுக் கொடுத்துப் பிணைத்து, கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்து, அதன் பின்னரே அறுத்தோம்.

தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதில் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால், வெப்பத்தால் அப்பளம் போல் நெளிந்துவிடும். ஓர் ஓரத்தில் ஒரு பொட்டு, மறு ஓரத்தில் ஒரு பொட்டு, பின் நடுவே ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே ஆறவிட்டு, பொட்டுகளை மெல்ல இணைத்துச் செல்ல வேண்டும். ஒரு கை நீளத் தகட்டைப் பொருத்த ஒரு முழு மாலை பிடித்தது. அவசரக்காரருக்கு இவ்வேலை ஆகாது.

மூத்தவரால் பளு தூக்க இயலாது. அவருக்கு நாங்கள் அளித்த பொறுப்பு தீக்காவல். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை வெளியே எடுத்த பின்னரும், வெளியே பற்றவைக்கும்போது உள்ளே எங்கேனும் பழைய பஞ்சிலோ ரப்பரிலோ பொறி விழுந்து கனன்றுகொண்டிருக்கலாம். அவர் தீயணைப்பானை மடியருகே வைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வேலை முடிந்து நாங்கள் கை கழுவிய பின்னும் ஒரு மணி நேரம் அவர் அங்கிருந்து எழமாட்டார். நாங்களும் அவரைத் தனியே விட்டுப் போகமாட்டோம். டெல்லிப் பயணத்தின் கதைகள் பலவற்றை அந்த ஒரு மணி நேரத்தில்தான் கேட்டோம். கைபர் கணவாயில் எஞ்சின் சூடேறி நின்றபோது, வழிப்போக்கர் ஒருவர் ஒரு வார்த்தையும் புரியாமலே உடனமர்ந்து ரொட்டியைப் பகிர்ந்துகொண்டாராம்.

எஞ்சினைப் பிரித்துக் கூட்டும் பணியை வேறு இருவர் ஏற்றனர். வெடிப்புற்ற பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் மாற்றினார்கள். பின்புற எஞ்சினின் மேல் பெட்ரோல் கசிந்து வண்டிகள் தீப்பற்றி எரிந்தது உண்டு. குளிர்ந்த நிலையில் வால்வுகளின் இடைவெளியை 0.15 மில்லிமீட்டர் என்று அளந்து வைத்தார்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையையும் புதிதாக இட்டார்கள். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அப்பட்டை இன்றியமையாதது. அது கிழிந்திருந்தால், வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்படும்.

தகட்டு வேலை ஏப்ரல் இறுதி வரை நீண்டது. வண்ணத்திற்கென ஒதுக்கிய இரண்டு மாதங்களும் அதிலேயே கரைந்தன. சாதாரணப் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், நீர் புகாத எபாக்சி பிரைமரை வண்டி முழுவதும் அடித்தோம். சில்களின் உட்குழிவுகளில் மெழுகைப் பீய்ச்சினோம். சிவப்பும் வெள்ளையுமாக எங்களிடம் வந்த வண்டி, இப்போது மழைமேகம் போன்ற சாம்பல் நிறத்தில், ஆங்காங்கே தையல் போட்டதைப் போன்ற பற்றவைப்புத் தழும்புகளோடு நின்றது.

சட்டம் கேட்காவிட்டாலும், நாங்களாகவே வண்டியைச் சோதனை நிலையத்திற்குக் கொண்டு சென்றோம். யோசனை சொன்ன அந்த இளைஞரே அதற்கு நாள் வாங்கினார். சோதகர் வண்டியை உயர்த்தி, ஒரு சிறு கருவியால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை "டங், டங்" என்ற ஒலி அந்தக் கூடத்தில் எதிரொலித்தது. அண்ணன் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு டயரின் பக்கவாட்டில் இருந்த வெடிப்பை மட்டும் சோதகர் குறித்துக் கொடுத்தார். அன்றே அதை மாற்றினோம்.

பயணம்

இன்வர்னஸ் வரை சுமார் 600 கி.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்திற்கு மேல் நாங்கள் செல்லவில்லை. அங்கே கூடியிருந்த வேன்கள் மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாக ஒளிர்ந்தன. எங்களுடையது மட்டும் சாம்பல். "எப்போது பெயின்ட் அடிப்பீர்கள்?" என்று கேட்காதவர் இல்லை. மூத்தவர் ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொன்னார்: "அடியில் எல்லாம் முடிந்துவிட்டது."

அப்பயணத்தின் கடினமான பகுதி, ஆப்பிள்கிராஸ் என்னும் கடலோர ஊருக்குச் செல்லும் மலைப்பாதை. 'பியாலக் நா பா' என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'மாடுகளின் கணவாய்' என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. சில இடங்களில் ஐந்தடி தூரம் சென்றால் ஓரடி ஏறும் அளவுக்குச் செங்குத்து. கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. சாலையோ ஒரு வண்டி மட்டுமே செல்லத் தக்கது. இடையிடையே சற்று அகலமாக ஒதுங்குமிடங்கள் அமைத்திருக்கிறார்கள். எதிரே வண்டி வந்தால், அருகிலிருப்பவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். மேலேறி வருபவருக்கு முதலிடம் தருவது முறை.

பதினான்கு வண்டிகள் வரிசையாகச் சென்றால், எதிரே வருபவர் ஒதுங்கவும் இயலாது, நாங்கள் ஒதுங்கவும் இயலாது. உள்ளூர் மக்களின் அன்றாட வாழ்க்கை தடைபடும். எனவே கூட்டமாக அச்சாலைகளில் செல்ல வேண்டாம் என்று வேண்டுகிறார்கள். நாங்கள் இரண்டிரண்டு வண்டிகளாகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் ஏறினோம். பழக வேண்டுமென்றே வந்தவர்கள், பிறர்க்கு வழி விடுவதற்காகப் பிரிந்து சென்று, உச்சியில் ஒருவருக்கொருவர் காத்திருந்தோம். கூடிச் செல்வதற்கும் கூட்டமாய் அடைத்து நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சாலை எங்களுக்கு உணர்த்திற்று.

முதல் கியரில், ஐம்பது குதிரைத்திறனையும் கூட்டி வண்டி ஏறியது. வளைவுகளில் உடல் முறுகும்போது பழைய வண்டிகள் முனகும். அண்ணன் அந்த முனகலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. முன்னிருக்கையில் மூத்தவர், அவருக்குப் பின்னே இடுப்புப் பட்டி அணிந்து பேத்தி. உச்சியில் நின்றபோது மேகம் சற்றே விலகி, கடலுக்கு அப்பால் ஸ்கை தீவின் மலைகள் தெரிந்தன. மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "கைபரில் என்னோடு வந்த மூவரும் இப்போது இல்லை. அவர்கள் சார்பிலும் பார்த்துவிட்டேன்" என்றார்.

தொடரும் கடமை

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் எங்களோடு இருந்தார். 2020 கோடையில் வண்டிக்கு வெளிர் நீல வண்ணம் பூசினோம். வண்ணத்தைத் தேர்ந்தவர் அவரே. 2021இல் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார். மே மாதத்தைத் தவறவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் இளைஞர் சிலவேளை கேட்பதுண்டு. அதற்கு எங்களிடம் விடையில்லை. ஆனால் அன்று அப்படியே மூடிவிட்டுச் சென்றிருந்தால், பியாலக் நா பாவின் ஒவ்வொரு வளைவிலும் பேத்தியின் இருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே அவர் ஏறியிருப்பார் என்பதை அறிவோம். அவர் பார்க்க விரும்பிய மலையை அவர் பார்த்திருக்கமாட்டார்.

துரு ஒருமுறை நீக்கினால் ஒழிந்துவிடும் பகையன்று. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், சாலைகளில் உப்புத் தூவத் தொடங்குமுன், நாங்கள் வண்டியின் அடியில் படுத்துத் தட்டிப் பார்க்கிறோம். குழிவுகளில் மீண்டும் மெழுகு பீய்ச்சுகிறோம். வளர்ந்துவிட்ட பேத்தியும் வருகிறாள். அண்ணனுக்குக் காது சற்று மந்தமாகிவிட்டது. ஆகவே இப்போதெல்லாம் தட்டுபவர் அவர். கேட்டுச் சொல்பவள் அவள்.

நம் இல்லங்களிலும் சங்கங்களிலும் கணக்கேடுகளிலும் உறவுகளிலும், எவரும் சோதிக்க வராத இடங்கள் பல உண்டு. மேலே வண்ணம் இருக்கும் வரை, கடந்து செல்வோர் பாராட்டிச் செல்வர். சட்டமும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தத் தரையின் மேல் யாரோ ஒருவர் நம்பி அமர்ந்திருக்கிறார். அவருக்காக, பிறர் வந்து தட்டிக் கேட்கும் வரை காத்திராமல், நாமே குனிந்து தட்டிக் கேட்பது நல்லது. ஒலி மங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல தகடு எங்கேனும் தொடங்கத்தான் செய்யும். அதுவரை வெட்டுவதற்கு மனமும், அருகே அமர்ந்து தீக்காவல் காக்க ஒருவரும் இருந்தால் போதும்.